பசங்க செக்‌ஷன்ல 3 நம்பர் ஷூ எடுத்தா லேடீஸ் 5 நம்பர் காலுக்குச் சரியா வருமா? யாரை ஏமாத்தறீங்க?

ராயபுரத்துப் பொண்ணு (லீட்ஸ்)

நேத்து நம்ம ஃபோரம்ல வெளிநாட்டு வாழ்க்கை திரியில ஒரு பதிலைப் படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. அஞ்சடிக்கும் கம்மியா இருக்கற ஒரு பொண்ணு, ஊரை விட்டுப் போன புதுசு. ஆபீஸுக்குப் போட்டுக்கிட்டுப் போற மாதிரி பேன்ட்டும் ஷூவும் அளவா கிடைக்கலைன்னு கேட்டிருந்தா. அதுக்கு நம்ம பெரம்பூர் டு ஜெர்சி சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம போடறேன்:

"குட்டையா இருக்கறவங்க துணி கிடைக்கலைன்னு புலம்பறது சோம்பேறித்தனம். பசங்க செக்‌ஷனுக்குப் போங்க. 3 நம்பர் ஷூ லேடீஸ் 5 நம்பர் காலுக்குக் கனகச்சிதம், பாதி விலை. ஊர்ல டெய்லர் தச்சுப் பார்சல் அனுப்பற காலமெல்லாம் மலையேறிப் போச்சு."

5 நம்பர் காலுக்கு 3 நம்பர் ஷூவா? என் கால் 3. பசங்க பக்கம் போனாலும் 3 தான் எடுக்கறேன். ஏன்னா 3 நம்பர் 3 தான். 5 நம்பர் கால்காரி அதுல காலை விட்டா கட்டைவிரல் மடங்கி நகம் பேந்து வந்துடும். விவரம் தெரியாத பொண்ணுக்கு யோசனை சொல்லும்போது பொறுப்பு வேணாமா?

துணியும் அதே கதைதான். இந்த ஊர்ல பசங்க துணியில 152, 158ன்னு உயரத்தை சென்டிமீட்டர்ல போட்டிருப்பான். 152 என் உயரம். போட்டுப் பாத்தா கை நீளம் சரியா இருக்கும், மார்புல பட்டன் வாயைப் பொளந்துக்கும், இடுப்புல ஏறவே ஏறாது. பன்னெண்டு வயசுப் பொண்ணுக்கு வெட்டின துணி பிள்ளை பெத்தவளுக்கு எப்படிப் பொருந்தும்? பெரியவங்க பக்கம் போனா கோட்டோட கை விரல் நுனியை மூடுது, தோள் தையல் புஜத்துல தொங்குது.

பெரம்பூர் டு ஜெர்சி

யாரோ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னா இந்தம்மாவுக்கு ஏன் எரியுது? என் கால் லேடீஸ் 5. பசங்க ஷூ 3, சில கம்பெனில மூணரை. வருஷக்கணக்கா அதைத்தான் போடறேன். ஓடற ஷூ, நடக்கற ஷூ, பூட்ஸ் எல்லாமே அதான். எந்த நகமும் பேந்து போகலை. நான் போட்டுக்கிட்டு இருக்கறதை இல்லைன்னு சொல்ல நீங்க யாரு?

மூலக்கடை

ஆரம்பிச்சுட்டாங்கப்பா. இவங்க சண்டை போட்ட அத்தோ (பர்மா நூடுல்ஸ்) திரியை இப்பதான் பூட்டினாங்க.

ராயபுரத்துப் பொண்ணு (லீட்ஸ்)

நான் யாருன்னா கேக்கறீங்க? எங்க அப்பா காசிமேட்டுக்குப் போற வழியில செருப்புக் கடை வெச்சிருந்தவர். கால் பாத்தே நம்பர் சொல்லுவேன். உங்க கால் 5 இல்ல. 3 தான். வெளிநாடு போனதும் காலும் வளந்துடுச்சுன்னு நினைச்சுக்கிட்டீங்க போல. 3 நம்பர் 3 தான்.

எம்.சி. ரோடு தையல்

அக்காங்க ரெண்டு பேருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டைல தையல் கடை வெச்சிருக்கேன். ஷூ பஞ்சாயத்து எனக்கு வேணாம், துணி மேட்டர் மட்டும் சொல்லிக்கறேன். ரெடிமேட் பேன்ட் பெருசா இருந்தா அடியை மடிச்சுத் தச்சுக்கலாம்னு எல்லாரும் நினைக்கறாங்க. உயரமானவங்களுக்கு வெட்டின பேன்ட்ல முட்டி இடமே கீழ இருக்கும். அடியை மட்டும் வெட்டினா அந்த முட்டி நம்ம கெண்டைக்கால்ல வந்து குந்திக்கும். இடுப்புலேர்ந்து தொடை பிரியற இடம் வரைக்கும் இருக்கற இறக்கமும் ஜாஸ்தி. அத்த குறைக்கணும்னா பட்டியைப் பிரிச்சு, ஜிப்பைக் கழட்டி, மேல வெட்டி, திரும்ப எல்லாத்தையும் வெக்கணும். கோட்டுன்னா இன்னும் பேஜாரு. கையைக் கழட்டணும், தோள் பேடை எடுக்கணும், ஷோல்டரை உள்ள தள்ளி ஆர்ம்ஹோலை மேல ஏத்தி லைனிங் துணியையும் சேத்துப் பூட்டணும். அந்த நேரத்துக்குப் புதுசாவே ஒண்ணு தச்சுடலாம்.

அளவு ஜாக்கெட் ஒண்ணு வந்தா ஆளைப் பாக்காமயே தைக்கறோம். உள்ள ஒரு இஞ்சு துணி விட்டிருப்போம், நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம். ரெடிமேட்ல கொஞ்சூண்டு விட்டு ஓவர்லாக் அடிச்சு வெட்டியிருப்பான், பிரிக்க ஒண்ணியும் இருக்காது. டெய்லர் காலம் மலையேறிப் போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க அக்கா.

பெரம்பூர் டு ஜெர்சி

தம்பி, உங்க தொழிலை நான் குறை சொல்லலை. இங்க அமெரிக்காவுல 2025 ஆகஸ்ட் கடைசியிலேர்ந்து 800 டாலருக்குக் கீழ வர்ற பார்சலுக்கு இருந்த வரி விலக்கை எடுத்துட்டாங்க, தெரியுமா? நீங்க தச்சு அனுப்பற பேன்ட்டுக்குக் கூலி, கூரியர், வரி எல்லாம் சேத்தா எவ்ளோ ஆகும்? எங்க ஸ்டேட்ல துணிக்கும் செருப்புக்கும் சேல்ஸ் டாக்ஸே கிடையாது. லாஃப்ட், ஆன் டெய்லர், கேப்னு துணிக் கம்பெனிங்க அஞ்சடி நாலு அங்குலத்துக்குக் கீழ இருக்கறவங்களுக்கு பெட்டீட்னு தனியாவே வெட்டறாங்க. தம்பி சொன்ன முட்டி, இறக்கம், தோள் எல்லாத்தையும் முதல்லயே குறைச்சுத்தான் வெட்டியிருப்பாங்க. துணிக்கு அது, ஷூவுக்குப் பசங்க செக்‌ஷன். இதுல என்ன ஏமாத்து வேலை இருக்கு?

ராயபுரத்துப் பொண்ணு (லீட்ஸ்)

பாத்தீங்களா, இப்போ பெட்டீட்டுக்குத் தாவிட்டாங்க. நேத்து அந்தப் பொண்ணுகிட்ட பெட்டீட்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? பசங்க செக்‌ஷனுக்குப் போன்னுதானே சொன்னீங்க. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், நெக்ஸ்ட், ஏசாஸ் எல்லாத்துலயும் பெட்டீட் இருக்கறது எனக்கும் தெரியும். அவ கேட்டது ஆபீஸ் ஷூ. கொஞ்சம் ஹீல் வெச்சு, முன்னாடி மூடினது. பசங்க செக்‌ஷன்ல அது எங்க இருக்கு? ஸ்கூல் ஷூதான் இருக்கு, பக்கில் வெச்சது. அதைப் போட்டுக்கிட்டு மீட்டிங்ல போய் நின்னா எந்த மேனேஜர் இவளைப் பெரிய மனுஷியா மதிப்பான்?

வியாசர்பாடி டு ஜெர்மனி

நடுவுல ஒரு வார்த்தை. நீங்க ரெண்டு பேரும் ஒரே காலைத்தான் சொல்றீங்க. லீட்ஸ்காரங்க சொல்ற இங்கிலாந்து 3, ஜெர்சிக்காரங்க சொல்ற அமெரிக்க லேடீஸ் 5, இங்க ஜெர்மனில 36. மூணும் ஏறக்குறைய ஒண்ணுதான். இங்கிலாந்துல பசங்க நம்பர் 13 வரைக்கும் போய் மறுபடியும் 1, 2, 3ன்னு அப்படியே பெரியவங்க நம்பரா தொடரும். அமெரிக்காவுல லேடீஸ் நம்பர் தனி, அதான் அங்க பசங்க 3 லேடீஸ் 5-க்குச் சேருது. எந்த ஊர் நம்பர்னு சொல்லிட்டு எழுதினா சண்டையே இல்ல.

துணியில ஜெர்மனிக்காரன் உருப்படியா ஒரு வேலை பண்ணியிருக்கான். குட்டையானவங்களுக்குத் தனி நம்பர். 38 போடறவங்க உயரம் கம்மியா இருந்தா பாதி, அதாவது 19னு கேட்டு வாங்கணும். உயரமானவங்களுக்கு ரெண்டு மடங்கு, 76. மாமியாருக்கு முதல்ல 19னு சொன்னப்ப அவங்க நம்பவே இல்ல.

ராயபுரத்துப் பொண்ணு (லீட்ஸ்)

வியாசர்பாடி, நீங்க நல்லவரு, ஆனா நடுவுல வராதீங்க. "எந்த ஊர் நம்பர்"னு அவங்க எழுதினாங்களா? இல்ல. கேட்ட பொண்ணு எந்த ஊர்ல இருக்கான்னு கேட்டாங்களா? அதுவும் இல்ல. வெறும் 3, வெறும் 5. அதை நம்பி அந்தப் பொண்ணு பர்மிங்காம்ல போய் வாங்கினா யாரு காசு குடுப்பா? 3 நம்பர் 3 தான்.

பெரியமேடு லெதர்

செருப்புன்னு பேச்சு வந்தா எங்க ஏரியா பேசாம இருக்க முடியாது. நம்பருக்கு நம்பர் ஒரு இஞ்சுல மூணுல ஒரு பங்குதான் வித்தியாசம். அந்த நம்பர் நீளத்தைத்தான் சொல்லும், அகலத்தைச் சொல்லாது. நம்ம பொம்பளைங்களுக்கு வெளிநாட்டு ஷூ சேராததுக்கு அகலம்தான் காரணம். நம்ம அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்துல 2021 டிசம்பர்லேர்ந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க 79 இடத்துல ஒரு லட்சத்துக்கு மேல ஆளுங்க பாதத்தை அளந்தாங்க. ஐரோப்பா, அமெரிக்கா காலை விட நம்ம கால் அகலம்னு தெரிஞ்சுது. அதுனால பிரிட்டிஷ்காரன் நம்பரை விட்டுட்டு 'பா'ன்னு நமக்கே ஒரு அளவு முறை வேணும்னு சொல்லியிருக்காங்க. இன்னொண்ணும் சொன்னாங்க: பொண்ணுங்க பாதம் 11 வயசோட வளர்ச்சியை ஏறக்குறைய முடிச்சுக்கும், ஆம்பளைங்களுக்கு 15, 16 ஆகும்.

பெரம்பூர் டு ஜெர்சி

அப்படிப் போடுங்க! 11 வயசுல பாதம் முழுசா வளந்துடுதுன்னா 11 வயசுப் பொண்ணோட ஷூ எனக்குச் சேரறதுல என்ன அதிசயம்? பசங்க ஷூ முன்பக்கம் அகலமாவும் இருக்கு. லேடீஸ் ஷூதான் கூம்பிப் போய் சுண்டுவிரலைக் கடிக்குது. அடையாறு சொன்னதும் நான் சொன்னதும் ஒண்ணுதான்.

ராயபுரத்துப் பொண்ணு (லீட்ஸ்)

அண்ணன் அகலத்தைச் சொன்னார். நீங்க அதை இழுத்து உங்க 3-க்கு முட்டுக் குடுக்கறீங்க. அளந்தது நம்ம ஊர்க் காலை. லீட்ஸ் கடையில இருக்கற பசங்க ஷூ வெள்ளைக்காரப் பசங்க காலுக்குத் தச்சது. எனக்கு நீளம் சரியா இருக்கும், மேல்பாதம் அழுந்தி சாயங்காலம் கழட்டறப்ப வார் தடம் செவந்து கிடக்கும். ஊர்லேர்ந்து வர்றவங்ககிட்ட பெரியமேட்டுல அளவு குடுத்துச் செஞ்ச ஜோடியை எடுத்து வரச் சொல்றேன்னா, பெருமைக்கா சொல்றேன்? வலி தாங்காமத்தான்.

அத்தோ திரியிலயும் இதேதான் பண்ணீங்க. புளித்தண்ணி ஊத்தறதில்லைன்னு சாதிச்சீங்க. பீச் ஸ்டேஷன் பக்கம் வண்டிக்காரங்களே ஊத்தறாங்கன்னு பத்துப் பேர் வந்து சொல்லியும் ஒத்துக்கலை.

மூலக்கடை

அத்தோல எலுமிச்சையும் உண்டு, புளியும் உண்டு. அதை விடுங்க. துணி அளவுக்கு இந்தியா சைஸுன்னு நிஃப்ட் ஃபேஷன் காலேஜ்காரங்க ஒரு சர்வே எடுத்தாங்களே, 25,000 பேரை அளக்கற திட்டம். டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், பெங்களூரு, ஷில்லாங். சென்னையே இல்ல. ஏற்றுமதிக்குத் துணி தைக்கற மாநிலம் இது, இங்க இருக்கற பொம்பளைங்க உடம்பை அளக்க ஒருத்தனுக்கும் தோணலை. இதுக்குக் கோவம் வரலையா யாருக்கும்?

கொருக்குப்பேட்டை தம்பி

சென்னையை அளந்தாலும் அண்ணா நகரோட நிறுத்தியிருப்பான். அது சரி, பெரம்பூர்க்கா எதுக்கு நம்ம சண்டையில? பெரம்பூர் எப்போ வடசென்னை ஆச்சு?

பெரம்பூர் டு ஜெர்சி

என்ன பேச்சு இது? 1955-லேர்ந்து ஊருக்கெல்லாம் ரயில் பெட்டி செஞ்சு குடுக்கற ஏரியா. எங்க தாத்தா அங்க வேலை பாத்தவர். நாங்க வடசென்னை இல்லைன்னா வேற எது வடசென்னை?

ராயபுரத்துப் பொண்ணு (லீட்ஸ்)

1955 எல்லாம் நேத்து. தென்னிந்தியாவோட முதல் ரயில் 1856-ல எங்க ராயபுரத்துலேர்ந்து கிளம்பிச்சு. ரயிலைப் பத்தி எங்ககிட்ட பேசாதீங்க.

எம்.சி. ரோடு தையல்

அக்கா, ரயில் இருக்கட்டும். அந்தப் பொண்ணு இன்னும் திரியைப் பாத்துக்கினு இருந்தா ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. ஷோல்டர், முழுக்கை நீளம், இடுப்பு, சீட் (பின்பக்கச் சுத்தளவு), இடுப்புலேர்ந்து முட்டி, இடுப்புலேர்ந்து கணுக்கால். இத்தினி அளவு எழுதி அனுப்பினா போதும். யாரையாச்சும் டேப் புடிச்சு அளக்கச் சொல்லணும், தானே குனிஞ்சு எடுத்தா தப்பா வரும். ஊருக்கு வர்ற ஆளுகிட்ட குடுத்து அனுப்பறேன், பார்சலும் வேணாம், வரியும் வேணாம்.

பெரம்பூர் டு ஜெர்சி

வேலைக்கு நாளைக்குப் போகணும்னா ஊருக்கு வர்ற ஆள் வர்ற வரைக்கும் புடவை கட்டிக்கிட்டுப் போவாளா? பனி கொட்டுது இங்க. நடைமுறைக்கு ஆகறதைச் சொல்லுங்க.

வியாசர்பாடி டு ஜெர்மனி

வரியைப் பத்திப் பேசறதால சொல்றேன். இங்கிலாந்துல பசங்க துணிக்கும் ஷூவுக்கும் வாட் கிடையாது, பெரியவங்களுக்கு 20 சதவீதம். அந்த வகையில பசங்க செக்‌ஷன் மலிவுங்கறது லீட்ஸுக்கும் பொருந்தும்.

ராயபுரத்துப் பொண்ணு (லீட்ஸ்)

மலிவு இல்லைன்னு நான் எங்க சொன்னேன்? மேல போய்ப் படிங்க. விலையைப் பத்தி நான் ஒரு வரி எழுதலை. வளந்த பொம்பளைக்குச் செய்யாத ஒண்ணை வளந்த பொம்பளை தலையில கட்டாதீங்கன்னு சொன்னேன். உயரம் கம்மிங்கறதுக்காக எங்களைப் பசங்க வரிசையில நிக்க வைக்கறதை வெள்ளைக்காரன் பண்ணினா தெரியாம பண்றான்னு விடலாம். நம்ம ஊர்க்காரியே பண்ணிட்டு அதுக்கு மேல சோம்பேறின்னும் சொல்றா பாருங்க, அதைத்தான் பொறுக்க முடியலை. அந்த வார்த்தையை வாபஸ் வாங்குங்க. அப்புறம் நம்பருக்கு வாங்க.

பெரம்பூர் டு ஜெர்சி

வாபஸ் வாங்க மாட்டேன். தேடிப் பாக்காம கிடைக்கலைன்னு சொன்னா சோம்பேறித்தனம்தான். நம்பரும் அதேதான். 5-க்கு 3.

ராயபுரத்துப் பொண்ணு (லீட்ஸ்)

எந்த ஊர் 5? எந்த ஊர் 3? வியாசர்பாடி சொன்ன மாதிரி ஊர் பேரைப் போட்டு எழுதுங்க, பாக்கலாம். எழுத மாட்டீங்க. 3 நம்பர் 3 தான்.

பெரம்பூர் டு ஜெர்சி

என் பேர்லயே ஜெர்சின்னு இருக்கு. அதைக் கூடப் படிக்கலையா?

ராயபுரத்துப் பொண்ணு (லீட்ஸ்)

என் பேர்ல லீட்ஸ்னு இருக்கறதை நீங்க படிச்சீங்களா? அந்தப் பொண்ணு பேர்ல எந்த ஊரும் இல்லையே, அவளுக்கு என்ன சொல்லப் போறீங்க? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.