லேப்ல ஓடின பிராசஸ் பிளான்ட்ல ஏன் படுத்துது?

ஈ. கோலை பாக்டீரியாவை டேங்க்ல வளர்த்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டற ஃபெட்-பேட்ச் யூனிட்ல இருக்கேன். 5 லிட்டர் கண்ணாடி ஃபெர்மென்டர்ல செல் வெளியே தள்ற கழிவான அசிடேட் எட்டிக்கூடப் பார்க்காது. அதே ஸ்ட்ரெயின் (பாக்டீரியா ரகம்), அதே மீடியா (வளர்ப்புக் கரைசல்), 10,000 லிட்டர்ல போட்டா ஏறிடும். உடனே எல்லாரும் ஸ்ட்ரெயினைத்தான் திட்டுவாங்க. கரைஞ்ச ஆக்சிஜனை அளக்கிற டிஓ மீட்டரோ 30 சதவீதம்னு சாந்தமா காட்டும். அது ஒரு மூலையில செருகின ப்ரோப். அந்த மூலையோட கதையை மட்டும்தான் சொல்லும்.

எங்க ஃபீட் லைன் மேல்மட்டத்துல சொட்டிக்கிட்டிருந்தது. லிட்டருக்கு 500 கிராம் குளுக்கோஸ், பாகு மாதிரி. கலந்து முடிய லேப்ல சில விநாடி. பெரிய டேங்க்ல ஒரு நிமிஷம்கூட ஆகும். அந்த இடத்தைக் கடக்கிற செல்லுக்குச் சர்க்கரை ஏராளம், ஆக்சிஜன் பத்தாது. எரிக்க முடியாத கார்பனை அசிடேட்டா வெளியே தள்ளிடும். குழாயைக் கீழே இறக்கி கலக்கற இம்பெல்லர் பக்கத்துல விட்டோம். நல்லாவே அடங்குச்சு.

*

சார், இன்னொரு யூனிட்ல இருந்து: சூட்டையும் சேர்த்துக்கங்க. நாங்க பிக்கியா ஈஸ்ட், மெத்தனால் ஃபீட். மெத்தனாலை எரிக்கும்போது ஆக்சிஜனும் அதிகம் கேட்கும், சூடும் அதிகம் வரும். டேங்கை எல்லாப் பக்கமும் 10 மடங்கு பெருசாக்கினா கொள்ளளவு 1,000 மடங்கு, டேங்கைச் சுத்திக் குளிர்தண்ணி ஓடுற ஜாக்கெட்டோட பரப்பு 100 மடங்குதான். டேங்க்ல இருக்க வேண்டிய சூடு, அதாவது செட் பாயின்ட், 30 டிகிரி. சென்னைப் பக்கம் மே மாசத்துல கூலிங் டவர் தண்ணியே 30-ஐ ஒட்டி வருது, அதை வச்சு எதைக் குளிர வைக்கிறது? சில்லர் போடுங்கன்னு புரொடக்‌ஷன், கரன்ட் பில்லைப் பாருங்கன்னு ஃபைனான்ஸ். கடைசியில மெத்தனால்ல ஒரு பங்கைக் குறைச்சு, இன்னொரு கார்பன் உணவான சார்பிட்டால் சேர்த்தோம். ஆக்சிஜன் தேவையும் குறைஞ்சது, சூடும் குறைஞ்சது. புரோட்டீன் குறையுமோன்னு மேனேஜர் முகம் சுளிச்சார். வெயில் காலத்துல பேட்ச் முழுசா ஓடி முடிஞ்சதும் கேள்வி கேட்கிறதை நிறுத்திட்டார்.

*

புரோட்டீனைப் பிரிச்சுச் சுத்தம் பண்ற டவுன்ஸ்ட்ரீம்ல இருந்து ஒரு குரல். நுரையை அடக்குற ஆன்டிஃபோம் எண்ணெய் பத்தி யாருமே வாயைத் திறக்கலையே! நுரை ஏறி எக்சாஸ்ட் ஃபில்டரை நனைச்சா பேட்ச் போச்சு, அந்தப் பயம் நியாயம்தான். ஆனா நைட் ஷிஃப்ட்ல தாராளமா ஊத்திடறாங்க. சின்னக் குமிழிங்க ஒண்ணு சேர்ந்து பெருசாகி மேலே ஓடிடும், டிஓ சரியும். மிச்ச எண்ணெய் எங்க வடிகட்டி மெம்ப்ரேன்ல வந்து உட்காரும். நீங்க டைட்டர் (லிட்டருக்கு எவ்வளவு புரோட்டீன்) ஏறிச்சுன்னு கேக் வெட்டும்போது நாங்க காஸ்டிக் போட்டு ஃபில்டர் கழுவிட்டிருப்போம். எவ்வளவு ஊத்தினீங்கன்னு பேட்ச் ஷீட்லயாவது எழுதுங்க சாமி.