ஜெபமாலையில் மனசு நிற்கவில்லை, நிறுத்திவிட்டேன். தப்பா?

கொள்ளிடக்கரை:
எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளி பக்கம். பூண்டி மாதா கோயில் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். இரவு எட்டு மணிக்கு வீட்டில் ஜெபமாலை, மணிகளை எண்ணி மாதா மந்திரத்தைப் பத்துப் பத்தாகச் சொல்வது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நடக்கிற வழக்கம். சின்ன வயதில் தூங்கி விழுந்தால் அப்பாயி தொடையில் கிள்ளுவார்கள். இப்போது எனக்கு முப்பத்தாறு வயது. கிள்ள ஆளில்லை. ஒவ்வொரு பத்துக்கும் இயேசு, மாதா வாழ்க்கையில் நடந்த ஒன்றை நினைக்க வேண்டும், அதுதான் மறையுண்மை. ஆனால் ஐந்தாவது மறையுண்மைக்கு வாய் வந்து சேரும்போது மனசு நகைக்கடன் வட்டியில் உட்கார்ந்திருக்கிறது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று ஒரு முடிவெடுத்தேன். ஜெபமாலைக்குப் பதில் மொட்டை மாடியில் தனியாகக் கால் மணி நேரம். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆன்ம சோதனை. முதலில் நன்றி, பிறகு தூய ஆவியிடம் வெளிச்சம் கேட்பது, காலையிலிருந்து அந்த நாளைத் திரும்பிப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்பு, நாளைக்கு என்ன செய்யப்போகிறேன் என்பது. அவ்வளவுதான். முந்தாநாள் தஞ்சாவூர் பேருந்தில் ஒரு பாட்டி என் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தார். நான் தூங்குவதுபோல் நடித்தேன். மாடியில் உட்கார்ந்தபோதுதான் அது என்னைச் சுட்டது. ஐம்பத்து மூன்று மணிகளை உருட்டியிருந்தால் அந்தப் பாட்டி ஞாபகத்துக்கே வந்திருக்க மாட்டார்.

அம்மாவுக்குப் பெரிய வருத்தம். ஆனால் என் கட்சி இதுதான்: மனசில்லாத வாய்ஜெபத்தால் கடவுளிடம் நெருங்க முடியாது. இது என் கண்டுபிடிப்பும் இல்லை. தியானம் இல்லாத ஜெபமாலை உயிரில்லாத உடல் என்று திருத்தந்தை ஆறாம் பவுலே 1974இல் எழுதியிருக்கிறார். மறுப்பவர்கள் வாருங்கள்.

சம்பா சூசை:
தம்பி, நான் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே. நெல்லும் உண்டு, தென்னையும் உண்டு. த்ரீ பேஸ் கரண்ட் எங்களுக்கு எத்தனையோ நாள் நடுராத்திரியில்தான் வரும். எழுந்து மோட்டாரைப் போட்டு, மடை மாற்றி மாற்றி விட வேண்டும். கையில் மண்வெட்டி இருக்கும்போது மாலை பிடிக்க முடியாது. விரல் கணுவில்தான் எண்ணுவேன். நாலு விரலுக்குப் பன்னிரண்டு கணு, பத்தோடு நிறுத்தத் தெரிய வேண்டும், அதுதான் அதில் உள்ள ஒரே வித்தை.

அந்த நேரத்தில் மனசு எங்கே போகும்? மடைக்குத்தான் போகும். போகாவிட்டால் அடுத்தவன் வரப்பு உடையும். அதனால் நான் சொல்லுகிற மந்திரம் மாதாவுக்குக் கேட்கவில்லை என்கிறீர்களா? மொட்டை மாடியும் கால் மணி நேரமும் சம்பளக்காரருக்குக் கிடைக்கும். உழுகிறவனுக்கு வாய்ஜெபம்தான் கட்டுப்படியாகும்.

வெற்றிலைக்கொடி:
நான் கல்யாணத்துக்கு அப்புறம் ஞானஸ்நானம் வாங்கியவள். பிறந்த வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு, புகுந்த வீட்டில் ஜெபமாலை. அதனால் ரெண்டு பக்கமும் தெரியும்.

எங்கள் மாமியார் சொல்லும் ஜெபமாலை இப்படித்தான் இருக்கும்: "அருள் நிறைந்த மரியே வாழ்க, பால் பொங்குது பாரு, கர்த்தர் உம்முடனே." முதல் வருஷம் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடியிருக்கிறேன். கொள்ளிடக்கரை அண்ணன் சொல்வது அந்த அளவில் சரி.

ஆனால் அண்ணே, நீங்கள் மாடியில் உட்கார்ந்திருக்கிற அந்தக் கால் மணி நேரத்தில் கீழே யார் தோசை ஊற்றுகிறார்கள்? ஆன்ம சோதனையில் இது வந்ததா?

கொள்ளிடக்கரை:
வரவில்லை. குறித்துக்கொண்டேன்.

சூசை அண்ணே, உங்கள் வரப்பு ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் வேலையையும் ஜெபத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் மடத்துச் சமையல்கட்டில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸும் அதைத்தான் செய்தார், பாத்திரச் சத்தத்துக்கு நடுவே கடவுள் முன்னிலையில் இருக்கப் பழகினார். ஆனால் அவரைத் தாங்கியது மணி எண்ணிக்கை இல்லை, கவனம். எங்கள் வீட்டில் நடப்பது வேலையும் இல்லை, கவனமும் இல்லை. எட்டு மணியானால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார்கள், அணைக்க மாட்டார்கள்.

குடந்தை காபி:
நான் கொள்ளிடக்கரை பக்கம், அவரை விட ஒரு படி மேலேயே. மத்தேயு ஆறாம் அதிகாரம் ஏழாம் வசனத்தில் ஆண்டவரே சொல்லிவிட்டார், பிற இனத்தாரைப் போலப் பிதற்ற வேண்டாம் என்று. ஒரே வரியை ஐம்பது தடவை சொல்வதற்கு வேறு என்ன பேர்? அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள் கூடும் அன்பியக் கூட்டத்தில் இதைக் கேட்டேன், பங்குச் சாமியாரிடம் போட்டுக் கொடுத்தார்கள்.

பழைய உபதேசியார்:
குடந்தை தம்பி, ஏழாம் வசனத்தோடு புத்தகத்தை மூடிவிட்டீர்களே. ரெண்டு வசனம் தள்ளிப் போனால், "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" என்ற பரலோக மந்திரத்தை ஆண்டவர் வாய்ப்பாடமாகவே கொடுக்கிறார். இன்னும் இருபது அதிகாரம் போனால், ஆண்டவர் பிடிபட்ட இரவில் வேண்டிய கெத்சமனித் தோட்டம். மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி வேண்டினார் என்று மத்தேயுவே எழுதியிருக்கிறார். அதற்கும் பிதற்றல் என்று பேர் வைப்பீர்களா? மிகுதியான வார்த்தைகளால் கடவுளை மசியவைக்கலாம் என்ற எண்ணத்தைத்தான் ஆண்டவர் கண்டித்தார்.

கொள்ளிடக்கரை தம்பிக்கு ஒரு சின்னச் சரித்திரம். மடத்துத் துறவிகள் பைபிளில் உள்ள சங்கீதம் நூற்றைம்பதையும் ஓதினார்கள். எழுத்து தெரியாத சனம் என்ன செய்யும்? "அருள் நிறைந்த மரியே" என்ற மங்கள வார்த்தை மந்திரத்தை நூற்றைம்பது தடவை சொன்னது. ஜெபமாலை அப்படி வளர்ந்தது, படிக்காதவனின் சங்கீதப் புத்தகமாக. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊரில் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தால் நடவுக்காரப் பெண்கள் சேற்றில் நின்றபடியே நிமிர்ந்து மூவேளை ஜெபம் சொல்வார்கள். தியானம் செய்தார்களா என்று நான் கேட்டதில்லை. இடுப்பு நிமிர்ந்தது, சாமி ஞாபகம் வந்தது, அப்புறம் குனிந்தார்கள்.

பிரான்ஸ் தேசத்துக் கன்னியாஸ்திரியான புனிதை குழந்தை இயேசுவின் தெரேசாள் ஜெப நேரத்தில் தூங்கிவிடுவாராம். பிள்ளை தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றவர்களுக்குப் பிரியம்தானே என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

கொள்ளிடக்கரை:
ஐயா, தெரேசாளைக் கூப்பிட்டால் என் கட்சிக்குத்தான் வருவார். ஜெபமாலை சொல்வது தவக் கருவியை உடம்பில் கட்டிக்கொள்வதை விடக் கஷ்டம் என்றும் அவர்தான் எழுதினார். எவ்வளவு முயன்றாலும் மறையுண்மைகளில் மனசை நிறுத்த முடியவில்லை என்று புலம்பினார். 1897இல் இருபத்து நாலு வயதில் இறந்து, பிறகு திருச்சபையின் பேராசான் என்ற மறைவல்லுநர் பட்டம் வாங்கியவருக்கே அப்படி.

பழைய உபதேசியார்:
சரி, எழுதினார்தான். நிறுத்தினாரா?

நீங்கள் காட்டிய ஆறாம் பவுலும் நிறுத்தச் சொல்லவில்லை. உயிரில்லாத உடல் என்று சொன்ன கையோடு, அவசரப்படாமல், தங்கித் தங்கிச் சொல்லுங்கள் என்று வைத்தியமும் சொல்கிறார். உங்கள் வீட்டில் எத்தனை நிமிஷத்தில் முடிக்கிறீர்கள்?

கொள்ளிடக்கரை:
பன்னிரண்டு. சீரியல் நாளென்றால் பத்து.

பழைய உபதேசியார்:
அப்படியானால் வேகத்தைத் திட்டுங்கள், மாலையைத் திட்டாதீர்கள். இன்னொன்று. தனியாகச் செய்யும் ஆன்ம சோதனையில் நீதிபதியும் நீங்கள், குற்றவாளியும் நீங்கள். பாட்டிக்கு இடம் கொடுக்காதது ஞாபகம் வந்தது, நல்லது. கீழே தோசை ஊற்றியவர் ஞாபகம் வர ஒரு தங்கச்சி எழுத வேண்டியிருந்தது. இஞ்ஞாசியார் இதைத் தனிச் சரக்காக விற்கவில்லை. பாவசங்கீர்த்தனம், திருப்பலி, ஆன்ம குரு எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் கொடுத்தார்.

கொள்ளிடக்கரை:
அது நியாயமான அடி. வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. மனசு இல்லாமல் சொன்னது எங்கே போய்ச் சேருகிறது?

சம்பா சூசை:
இதற்கு நான் பதில் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி. நாங்கள் எல்லாரும் ஓட்டு வீட்டில் ஒரு மூலையில், தலைக்கு மேல் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே ஒவ்வொரு மரமாக விழுகிற சத்தம். எங்கள் அப்பா வைத்த தென்னை. அந்த நேரத்தில் என்னிடம் வந்து நன்றி சொல், வெளிச்சம் கேள், நாளைத் திரும்பிப் பார் என்று சொல்லியிருந்தால் கட்டிலைத் தூக்கி எறிந்திருப்பேன். யோசிக்கிற மண்டையே இல்லை. வாய் மட்டும் தானாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. எத்தனை பத்து என்று எண்ணவில்லை. அது அன்றைக்குக் கற்றுக்கொண்டது இல்லை, உங்கள் அப்பாயி மாதிரி எங்கள் அப்பத்தா கிள்ளிக் கிள்ளி ஏற்றியது.

கொள்ளிடக்கரை:
தப்பாக நினைக்காதீர்கள் அண்ணே, ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு ராத்திரி கடவுளோடு நெருக்கமாக இருந்ததாகத் தோன்றியதா?

சம்பா சூசை:
இல்லை. கோபமாக இருந்தது. விடிந்து தோப்பைப் பார்த்தபோது இன்னும் கோபம். ஆறு மாசம் கோயிலுக்குள் போகவில்லை, வாசலோடு நின்று திரும்பிவிடுவேன். ஆனால் ராத்திரி மோட்டார் போடப் போனால் விரல் தானாக எண்ணும். நான் பேச மறுத்த ஆறு மாசமும் என் விரல் பேசிக்கொண்டிருந்தது என்று வையுங்களேன். அது நெருக்கமா, வெறும் பழக்கமா? உங்கள் சாமியாரிடம் கேட்டுச் சொல்லுங்கள், எனக்குத் தெரியவில்லை.

குடந்தை காபி:
நான் சொன்ன "பிதற்றல்" என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வசனத்தை இல்லை.

வெற்றிலைக்கொடி:
போன வருஷம் மாமியார் ஒரு வாரம் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வீட்டில் நான்தான் ஜெபமாலையை ஆரம்பித்தேன். மூன்றாவது பத்தில் என்னை அறியாமல் மகனைப் பார்த்து "கேட்டைப் பூட்டினியாடா" என்று கேட்டுவிட்டுத் தொடர்ந்தேன். அவன் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு ஜெபமே நின்றது. அன்றிலிருந்து மாமியாரைப் பார்த்து நான் சிரிப்பதில்லை.

கொள்ளிடக்கரை:
என் கட்சியை விடவில்லை, சொல்லிவிடுகிறேன். மாடி ஒன்பதரைக்கு, தோசை எல்லாம் முடிந்த பிறகு. எட்டு மணிக்குக் கீழேயும் இருந்து பார்க்கிறேன், தொலைக்காட்சியை அணைப்பதாக இருந்தால்.

இன்று வியாழன். ஒளியின் மறையுண்மைகள். இரண்டாம் ஜான் பால் 2002இல் சேர்த்தது. ஆனால் அம்மா இன்றுவரை வியாழக்கிழமைக்குப் பழையபடி சந்தோஷ தேவ இரகசியங்கள்தான் (மகிழ்ச்சியின் மறையுண்மைகளுக்குப் பழைய பேர்) சொல்கிறார்கள். போன தடவை திருத்தப் போய்ச் சண்டையானது. இந்தத் தடவை அவர்கள் சொல்வதையே நானும் சொல்லப்போகிறேன். உபதேசியார் ஐயா, செல்லும்தானே?

பழைய உபதேசியார்:
செல்லும். தங்கித் தங்கிச் சொல்லுங்கள்.