மறு: ‘துருநீக்கம்’ – மட்காட்டில் உக்கலுக்குத் தனிச்சொல் வேண்டும்

அண்ணாவுக்கும் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பழைய வாகனங்களுக்கான பழுதுபார்ப்புக் கையேட்டின் சொற்பட்டியலை முழுக்க வாசித்தேன். பெரும்பாலான சொற்கள் எனக்குச் சம்மதம். ஒன்றில் மட்டும் மனம் ஒப்பவில்லை. துருப்பிடித்த மட்காட்டில் (சில்லு அடிக்கிற சேற்றைத் தடுக்கும் வளைந்த தகரம்) செய்கிற எல்லா வேலைக்கும் ‘துருநீக்கம்’ என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். அது மூன்று வெவ்வேறு வேலைகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

துருவை யாழ்ப்பாணத்தில் கறள் என்போம். பட்டியலில் துரு இருக்கட்டும், பக்கத்தில் கறளும் இருக்கட்டும். நான் சொல்லவருவது அதைப் பற்றி அல்ல, தகரமே பலமிழந்து பொடியாகிற உக்கலைப் பற்றி.

எங்கள் வீட்டில் ஒரு மொறிஸ் மைனர் பிக்கப் நிற்கிறது. 1953இல் வரத்தொடங்கிய வகை. அப்பா உரும்பிராயிலிருந்து வெங்காயம் ஏற்றிய வண்டி. கடலுக்கு நடுவே போகிற பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கமும் நிறைய ஓடியிருக்கிறது. போன கிழமை கோண்டாவிலில் தகர வேலை செய்கிற ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சின்னச் சுத்தியலால் இடப்பக்க முன் மட்காட்டை மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். மேலே ‘டிங் டிங்’ என்று கேட்டது. முன் விளக்குக்குப் பின்னால் வந்ததும் சத்தம் ‘தொப்’ என்று செத்துவிட்டது. பெயின்ற் அங்கே லேசாகப் பொங்கியிருந்தது, அவ்வளவுதான். பெருவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. “இது கறள் இல்லைத் தம்பி, உக்கல்” என்றார்.

அந்த ஒரு வசனத்தில் கையேட்டுக்கு வேண்டிய வேறுபாடு முழுவதும் இருக்கிறது.

அவர் சொன்ன முறையிலேயே எழுதுகிறேன். மேலே செம்மஞ்சளாகப் படிந்து, தேய்த்தால் கீழே நல்ல இரும்பு தெரிந்தால் அது கறள். கம்பி பிறஷ், அரத்தாள், அதன்பிறகு பொஸ்பரிக் அமிலம். மிஞ்சிய கறளை அமிலம் இரும்புப் பொஸ்பேற்றாக மாற்றிவிடும். மேலே பெயின்ற் அடிக்கலாம். இதற்குத் துருநீக்கம் மிகப் பொருத்தமான சொல். அடுத்தது பொருக்கு. ஓடு ஓடாக, அடுக்கு அடுக்காகக் கழரும். இரும்பு கறளாகும்போது அதன் கனவளவு சில மடங்கு கூடும், அதனால்தான் பெயின்றைத் தள்ளிக்கொண்டு வீங்குகிறது. பொருக்கைச் சுரண்டி எடுத்தால்தான் அடியில் எவ்வளவு தகரம் மிச்சம் என்று தெரியும். கடைசியில் உக்கல். அங்கே நீக்க எதுவுமில்லை, ஏனென்றால் இரும்பே இல்லை. நல்ல தகரம் வரும்வரை வெட்டி எறிந்து, 20 கேஜ் தடிப்புள்ள தகரத்தில் அதே வளைவுக்குத் துண்டு தட்டி எடுத்து, சூட்டில் கோணாமல் புள்ளி புள்ளியாகத் தள்ளித்தள்ளி வெல்டிங் வைக்கவேண்டும்.

உக்கல் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் வருகிறது. விளக்குக் குழிக்குப் பின்னால் ஒரு விளிம்பு இருக்கிறது. சில்லு வாரியடிக்கிற செம்மண் அதில் போய் இறுகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மண் நனைந்தால் வெளியே வெயில் எறித்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். கடல்பாதையின் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெளியில் பார்க்கிறவருக்கு ஒரு கொப்புளம் மட்டும் தெரியும். அந்த இடத்தில் கையேடு ‘துருநீக்கம் செய்க’ என்று சொன்னால், புதிதாகத் தொழில் பழகுகிற பெடியன் தேய்ப்பான், ஓட்டை விழும், பயந்து பட்டியை (ஓட்டை, பள்ளத்தை நிரப்பும் பசை) அப்பிவிடுவான். எங்கள் வண்டியிலும் முன்பு ஒருவர் அப்படித்தான் செய்திருந்தார். பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்ததில் உள்ளங்கை அளவில் இருந்த உக்கல் இரண்டு முழத்துக்குப் போய்விட்டது.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் இங்கே பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம் உங்களுக்குத் தெரியும். புதிய மட்காட்டுக்கு எங்கே போவது? உக்கினதை வெட்டி ஒட்டி ஒட்டியே இந்த வண்டிகளைக் காப்பாற்றினார்கள். கராச்சில் நாள்முழுக்கப் புழங்கிய சொல் இது. அதை விட்டுவிட்டு ‘துருத்துளை’ என்று புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டாம். துளை விழுவதற்கு வெகுமுன்பே தகரம் உக்கியிருக்கும்.

‘மட்காட்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘சில்லுக்கவசம்’ சரிவராது. தலைக்கவசம் தலையைக் காப்பதுபோல அது சில்லைக் காக்கிறது என்று ஆகிவிடும். மட்காட் என்றே விடுங்கள்.

---

மதுரை நண்பருக்கு,

உங்கள் கேள்வி நியாயமானது. இங்கே குப்பைத் தொட்டியில் ‘உக்கும் கழிவு’ என்றும், அங்கே ‘மக்கும் குப்பை’ என்றும் எழுதுகிறார்கள். அது நுண்ணுயிர் செய்கிற வேலை. இரும்பில் நடப்பது ஒட்சிசனும் நீரும் செய்கிற வேலை. ஒரே சொல் குழப்பாதா என்கிறீர்கள். மரம் உக்கும், கயிறு உக்கும், கூரைத் தகரமும் உக்கும் என்றுதான் இங்கே சனங்கள் பேசுகிறார்கள். பொருள் தன் பலத்தை இழந்து பொடியாவதுதான் அந்தச் சொல்லின் கரு. எது தின்றது என்பது அதில் இல்லை. வேண்டுமானால் முதல் தடவை ‘தகர உக்கல்’ என்று எழுதி, பிறகு உக்கல் என்று மட்டும் போடலாம்.

‘கறளுக்கல்’ என்று சேர்க்கலாமா என்று நானும் யோசித்தேன். வாசிக்கும்போது ‘கறளுக்கு’ என்று நாக்கு போய்விடுகிறது. ‘உள்ளுக்கல்’லிலும் அதே சிக்கல். இரண்டையும் கைவிட்டேன்.

பட்டியலில் இப்படிப் போடும்படி கேட்கிறேன்: உக்கல் – கறளால் தகரம் பலமிழந்த நிலை, தேய்த்துச் சரிசெய்ய முடியாது, வெட்டி ஒட்டவேண்டும்.

சனிக்கிழமை வலப்பக்க மட்காட்டைக் கழற்றுகிறோம். மூன்று நிலையும் அதிலேயே இருக்கிறது என்று ஐயா சொன்னார். கையேட்டுக்குப் படம் எடுத்து அனுப்புகிறேன்.