கிரான் நிரப்பும் கேஷ் வலைப்பக்கத்தில் காலியாக இருக்கிறது, ஏன்?

தூக்கம்கெட்டவன்:
பிஎச்பியில் ஒரு சின்னக் கடைத் தளம். டேட்டாபேஸிலிருந்து விலைப்பட்டியலை எடுக்கும் குவெரி நாலு செகண்ட் இழுக்கிறது. அதனால் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை கிரானில் (குறித்த நேரத்தில் தானாக வேலையைக் கிளப்புவது) ஒரு ஸ்கிரிப்டை ஓடவிட்டு, பட்டியலை ஏபிசியுவில் (பிஎச்பி மெமரியில் வைக்கும் கேஷ்) போட்டு வைக்கிறேன். அதே ஸ்கிரிப்டில் திரும்ப எடுத்துப் பார்த்தால் எல்லாம் இருக்கிறது, பிரவுசரில் திறந்தால் ஒன்றுமே இல்லை. கமாண்ட் லைனிலும் ஏபிசியு வேலை செய்யும்படி செட்டிங்கை மாற்றியாச்சு. ரெண்டு ராத்திரி போச்சு!

பழையகோடு:
செட்டிங் சரிதான், இடம்தான் தப்பு. பிரவுசருக்குப் பக்கங்களைத் தரும் பிஎச்பியான எஃப்பிஎம் கிளம்பும்போது தாய் பிராசஸ் ஒரு மெமரியை ஒதுக்கும், அதன் பிள்ளைகள் மட்டும்தான் அதைப் பகிர்ந்துகொள்ளும். கிரான் கிளப்புகிற பிஎச்பிக்கு அந்த உறவே கிடையாது. அதற்குத் தனி மெமரி, ஸ்கிரிப்ட் முடிந்த நொடியில் அதுவும் காலி. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் மாவை வைத்துவிட்டு நம் வீட்டில் தேடுகிறீர்கள். ரெடிஸில் (தனியாக ஓடும் கேஷ் சர்வர்) போடுங்கள், கிரானும் தளமும் ரெண்டுமே பார்க்கும்.

தூக்கம்கெட்டவன்:
ஐயோ, இதுதானா. ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் பகிரும் சர்வர்) அண்ணா, ரெடிஸ் தரமாட்டார்கள்.

மூன்றாம்டீ:
அப்போ ஃபைல் போதும். பட்டியலை ஜேசனாக (தரவை எழுதி வைக்கும் ஒரு டெக்ஸ்ட் வடிவம்) ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி முடித்துவிட்டு, அப்புறம் உண்மையான பெயருக்கு ரீநேம் பண்ணுங்கள். ரெண்டும் ஒரே டிஸ்கில் இருந்தால் ரீநேம் ஒரே வீச்சில் நடக்கும், படிக்கிறவர் கையில் பாதி எழுதிய பட்டியல் சிக்காது. நேராக அதே ஃபைலில் எழுதி, பாதி விலையோடு பக்கம் போனதை நானே பார்த்திருக்கிறேன். குவெரி என்றைக்காவது அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினால் அடுத்த கிரான் மேலே வந்து விழும், அதனால் ஆரம்பத்திலேயே ஒரு எஃப்லாக் (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் ஓட ஃபைலில் போடும் பூட்டு) போட்டுவிடுங்கள்.

தூக்கம்கெட்டவன்:
கிரானே வேண்டாம் என்று ஸ்கிரிப்டை நிற்காமல் சுற்றும் ஒரு வொய்ல் லூப்பில் ஓடவிட்டால்? வலைப்பக்கத்துக்கு இருக்கும் 30 செகண்ட் ஓட்ட வரம்பு கமாண்ட் லைனில் இல்லையே.

பழையகோடு:
வரம்பு இல்லை, வம்பு உண்டு. டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை 28800 செகண்டில், அதாவது எட்டு மணி நேரத்தில், வெட்டிவிடும். பல ஹோஸ்ட்கள் அதையும் குறைத்து வைத்திருப்பார்கள். நீங்கள் கோடை மாற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும் லூப் பழையதையே ஓட்டும். லூப் செத்தால் எழுப்ப சூப்பர்வைசர் மாதிரி ஒரு காவல் புரோகிராம் வேண்டும், ஷேர்டில் அதுவும் கிடைக்காது. உங்களுக்குக் கிரானே தேவலை.

தூக்கம்கெட்டவன்:
ரீநேம் முறையில் பட்டியல் வந்துவிட்டது. எஃப்லாக்கை நாளைக்குப் பார்க்கிறேன், இப்போ தூங்கப் போகிறேன்.