சால்டரிங் இல்லாமல் எல்இடி ஸ்ட்ரிப்: அழுத்தினால் மட்டும் எரிகிறது

கேள்வி (காசிமேடு):
வணக்கம். 12 வோல்ட், 5050 வகை (5 மி.மீ. சதுர விளக்கு), மீட்டருக்கு 60 விளக்குகள் கொண்ட, மேலே சிலிக்கான் பூசிய 5 மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப் சுருளைச் சென்னை ரிச்சி தெரு மின்னணுச் சந்தையில் வாங்கி, 2, 2, 1 மீட்டர் என மூன்றாக வெட்டி, இரண்டு பரண்களின் அடியிலும் சாமி அலமாரியிலும் ஒட்டினேன். சால்டரிங் (ஈயம் உருக்கிப் பற்றவைப்பது) பழக்கமில்லாததால் கிளிப் கனெக்டர்களைக் கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தேன். இரண்டு மாதங்களுக்குள், முதல் கிளிப்பைத் தாண்டிய துண்டுகள் இரண்டும் விரலால் அழுத்தினால் எரிகின்றன, விட்டால் அணைகின்றன. இதற்கு சால்டரிங்தான் ஒரே வழியா?

பதில் (பழைய வண்ணாரப்பேட்டை, வயரிங் வேலை செய்பவர்):
தேவையில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு கிளிப்பின் மூடியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் சிலிக்கானை முழுதாக உரிக்காமல் செருகியிருப்பார்கள்; கிளிப்பின் உலோகப் பல், ஸ்ட்ரிப்பின் செம்பைத் தொடாமல் பூச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும். செம்புப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும்வரை பிளேடால் பூச்சைச் சீவி, பென்சில் அழிப்பானால் தேய்த்து, பற்களுக்கு அடியில் ஸ்ட்ரிப் முழுதாகப் போகுமாறு தள்ளி, கூட்டல் குறி கூட்டலோடு சேர்கிறதா என்று பார்த்த பின்பே மூடியை அழுத்துங்கள். 5050 ஸ்ட்ரிப்புக்கு 10 மில்லிமீட்டர் கிளிப்தான் பொருந்தும். நம் பக்கத்து உப்புக்காற்றில் செம்பு விரைவில் பச்சை பூத்துவிடும் என்பதால் இணைப்பைச் சிலிக்கான் பசையால் மூடலாம். ஆனால் வினிகர் வாடை வீசும் பசை செம்பையே அரித்துவிடும், அதை வாங்காதீர்கள்.

பதில் (தண்டையார்பேட்டை):
சுத்தம் செய்வதோடு கோத்த விதத்தையும் மாற்றுங்கள். இந்த வகை மீட்டருக்குச் சுமார் 14.4 வாட் இழுக்கும். ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால், அப்பால் உள்ள 3 மீட்டருக்கான 3.6 ஆம்பியரும் முதல் கிளிப்பின் மெல்லிய பற்கள் வழியாகவே போகிறது. தொடர்பு தளர்ந்த இடம் சூடேறி மேலும் தளரும். அடாப்டரிலிருந்து ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி வயர் இழுத்து, அடாப்டர் அருகே லீவர் கனெக்டரிலோ திருகு கனெக்டரிலோ சேர்த்தால், எந்தக் கிளிப்பிலும் 2.4 ஆம்பியருக்கு மேல் ஓடாது, கடைசித் துண்டு மங்குவதும் குறையும். மொத்தம் 72 வாட், அதாவது 6 ஆம்பியர்; ஆகவே அடாப்டர் 8 ஆம்பியராவது இருக்கட்டும். நான் என் வீட்டில் சால்டரிங்தான் செய்தேன், அதுவே உறுதியானது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மூடியைத் திறந்தபோது, ஒரு பல்லின் அடியில் நகக்கண் அளவுக்குச் சிலிக்கான் அப்படியே ஒட்டியிருந்தது, மற்றொன்றின் அடியில் செம்பு பச்சையாகியிருந்தது. உரித்துத் தேய்த்து மாட்டியபின், அழுத்தாமலேயே எரிகிறது. தனித்தனி வயரும் இழுத்துவிட்டேன். ஆனால் அடாப்டரின் முதுகில் 5 ஆம்பியர் என்றுதான் இருக்கிறது. சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போகும்வரை ஒரு பரணின் வயரைக் கழற்றி வைத்திருக்கிறேன்.