உதவி: மாடித் தோட்டத்தில் தக்காளி, கத்தரி இலை ஓரம் கருகுகிறது (பாளையங்கோட்டை, முதல் முறை)

பாளை_புதுசு

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் செடி வளர்த்துப் பழக்கமே கிடையாது. வீடு மகாராஜநகர் உழவர் சந்தைக்கு நடந்து போகிற தூரம்தான். “காய் காலடியில் கிடைக்கும்போது உனக்கு எதற்குடா இந்த வேலை” என்று அப்பா அன்றைக்கே கேட்டார். இப்போது தினமும் மாடிக்கு வந்து செடியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போகிறார். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

தை கடைசியில் பன்னிரண்டு பை வைத்தேன். ஆறில் தக்காளி நாற்று (பி.கே.எம். 1 ரகம் என்று சொல்லிக் கொடுத்தார்கள்), நாலில் கத்தரி, இரண்டில் வெண்டை விதை. செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. முதல் மாதம் நன்றாகவே வந்தது. பங்குனி பிறந்ததும் அடி இலைகள் ஓரத்தில் இருந்து காய ஆரம்பித்தன. தீயில் வாட்டியது போல ஓரம் மட்டும் பழுப்பாகி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. இலையின் நடு பச்சையாகவே இருக்கிறது. தக்காளி பூக்கிறது, ஆனால் பூ காம்போடு உதிர்ந்துவிடுகிறது. ஒரு கத்தரியில் கொழுந்து மட்டும் தலை தொங்கிக் கிடக்கிறது. மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, பூஞ்சையா தெரியவில்லை.

தண்ணீர் காலை மாலை இரண்டு வேளையும் ஊற்றுகிறேன். வேப்பெண்ணெய் மூன்று தடவை அடித்தாயிற்று. பஞ்சகவ்யாவும் வாரம் ஒரு முறை கொடுக்கிறேன். என்ன தப்பு செய்கிறேன்?

மாடி_மன்னன்

இது சத்துக் குறைபாடு சார். சாம்பல் சத்து இல்லையென்றால் இலை ஓரம் இப்படித்தான் கருகும். 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருப்பது) வாங்கி லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றுங்கள், ஒரே வாரத்தில் தெளிந்துவிடும்.

பாளை_புதுசு

நன்றி. இன்றைக்கே வாங்குகிறேன்.

நாங்குநேரி_விவசாயி

தம்பி, கொஞ்சம் பொறுங்கள், உரத்தை வாங்காதீர்கள். சாம்பல் சத்துக் குறைவிலும் ஓரம் கருகும், அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் மண்புழு உரம் மூன்றில் ஒரு பங்கு போட்ட பையில் இரண்டே மாதத்தில் அந்தச் சத்து தீர்ந்துபோகாது. எனக்கு நாலு விஷயம் தெரிய வேண்டும். அந்த வெள்ளைப் படிவை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பஞ்சு மாதிரி வருகிறதா, பொடிப்பொடியாக உதிர்கிறதா? கோகோபீட் கட்டியை ஊறவைத்தபின் கழுவினீர்களா? பைக்கு அடியில் தட்டு இருக்கிறதா? ஊற்றுவது என்ன தண்ணீர்?

பாளை_புதுசு

அண்ணாச்சி, பொடியாகத்தான் உதிர்கிறது. கட்டியை வாளியில் ஊறவைத்து உதிர்த்து அப்படியே கலந்துவிட்டேன், கழுவவில்லை. தட்டு இருக்கிறது. தளத்தில் கறை படியும் என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொன்னதால் எல்லாப் பைக்கும் பிளாஸ்டிக் தட்டு வைத்திருக்கிறேன். தண்ணீரைப் பொறுத்தவரை வீணடிக்கவே இல்லை. போர்த் தண்ணீரைக் குடிக்கச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்து அதைத்தான் ஊற்றுகிறேன்.

நாங்குநேரி_விவசாயி

அதுதான் விஷயம். போர்த் தண்ணீரில் இருக்கிற உப்பைப் பிரித்து நல்ல தண்ணீரை உங்களுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு, மிச்ச உப்பையெல்லாம் சேர்த்துத்தான் அந்தக் குழாய் வழியாக மெஷின் வெளியே தள்ளுகிறது. போர்த் தண்ணீரைவிட உப்பு கூடிய தண்ணீர் அது. நீங்கள் அதைச் செடிக்குக் கொடுக்கிறீர்கள். கழுவாத கோகோபீட்டிலேயே உப்பு உண்டு. தட்டில் வடிந்த தண்ணீரைப் பை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு எங்கே போகும்? மேலே வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். செடி வேர் வழியாக இழுக்கும் உப்பு இலையின் விளிம்பில் போய்ச் சேரும், அதனால்தான் முதலில் ஓரம் கருகுகிறது. இதன் மேல் 19:19:19 போட்டால் அதுவும் ஒரு உப்புதான், செடியையே கொன்றுவிடும்.

மெஷின் சர்வீஸுக்கு வருபவரிடம் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். ஒரு தரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாடி_மன்னன்

ஆர்.ஓ. தண்ணீர் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் உரம் என்று சொல்லியிருக்க மாட்டேன். திருத்தத்துக்கு நன்றி.

அம்பை_ஆச்சி

எய்யா, மீட்டர் எல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் காலத்தில் ஒரு தண்ணீர் எப்படி என்று பார்க்க, துவரம்பருப்பை அதில் வேகவைப்போம். வேகாமல் நிற்கிறதா, சோப்பு நுரைக்காமல் திரிகிறதா, அந்தக் கிணறு செடிக்கும் யோசித்துத்தான் கொடுக்கணும் என்பார்கள்.

நீங்கள் எழுதியதில் இன்னொன்று இருக்கிறது, யாரும் அதைக் கேட்கவில்லை. கத்தரிக் கொழுந்து ஒன்று மட்டும் தொங்குகிறது என்றீர்களே, அது சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் நிமிர்கிறதா? நிமிர்ந்தால் வெக்கை. நிமிராவிட்டால் உள்ளே ஆள் இருக்கிறான். தொங்கும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே ஒடித்து, தண்டை நீளவாக்கில் பிளேடால் கீறிப் பாருங்கள்.

நாங்குநேரி_விவசாயி

ஆச்சி சொன்னது சரி. ஆனால் பருப்பு வேகாமல் போவது சுண்ணாம்புச் சத்தால். உப்பு அதிகமாக இருந்தும் பருப்பு வேகிற தண்ணீர் உண்டு. அதனால் மீட்டரும் வேண்டும்.

பாளை_புதுசு

இரண்டையும் பார்த்துவிட்டேன். கொழுந்து ராத்திரி ஒன்பது மணிக்கும் நிமிரவில்லை. ஒடித்துக் கீறினால் தண்டு கூடு மாதிரி உள்ளே காலி, அதில் ஈரமாகத் தூள் தூளாக எச்சம், கடைசியில் இளஞ்சிவப்பாக அரிசி நீளத்துக்கு ஒரு புழு நெளிந்தது. வெளியே பார்த்தால் ஒரு ஓட்டைகூடச் சரியாகத் தெரியவில்லை. மூன்று தடவை வேப்பெண்ணெய் அடித்தேனே, இது எப்படி?

மீட்டர் (லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்): போர்த் தண்ணீர் 1,100. ஆர்.ஓ. டிரம் 1,640. தட்டில் வடிந்து நின்றதை வைத்தபோது 3,900 காட்டியது. வந்தவர் மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு தரம் உதறினார். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் 180.

அம்பை_ஆச்சி

உள்ளே போய் உட்கார்ந்துகொண்டவனை வெளியே அடிக்கிற எண்ணெய் என்ன செய்யும்? தாய்ப் பூச்சி முட்டையிட வராமல் தடுக்க வேண்டுமானால் வேப்பெண்ணெய் உதவும். ஒடித்த கொழுந்தைச் செடிக்குப் பக்கத்திலேயே போடாதீர்கள், சோப்புத் தண்ணீரில் முக்கிவிடுங்கள். வாரம் இரண்டு தரம் கொழுந்தைப் பாருங்கள், தொங்கினால் ஒடியுங்கள். ஒடித்த இடத்தில் இரண்டு கிளை வெடிக்கும், ஒன்றும் நஷ்டமில்லை. காய் வைக்கும்போது காய்க்குள்ளும் இவன்தான் வருவான், ஓட்டை விழுந்த காயைச் செடியில் விட்டு வைக்க வேண்டாம்.

அடுத்த தடவை கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் இருந்து வந்த கே.கே.எம். 1 விதை கிடைத்தால் வையுங்கள். வெள்ளையாக, முட்டை மாதிரி, கொத்தாகக் காய்க்கும். எண்ணெய்க் கத்தரிக்கு அதை மிஞ்ச ஆள் கிடையாது.

நாங்குநேரி_விவசாயி

180 தண்ணீர் வீட்டிலேயே வருகிறதே, தாமிரபரணித் தண்ணீர் அது! நாங்கள் இங்கே அதற்கு ஏங்குகிறோம்.

முதலில் எல்லாத் தட்டையும் எடுங்கள். பையைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். அப்புறம் மண்ணைக் கழுவ வேண்டும். 20 லிட்டர் பைக்கு 40 லிட்டர் குழாய்த் தண்ணீர், நாலு தவணையாக, நடுவில் கால் மணி நேரம் விட்டு, மெதுவாக ஊற்றுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் ஓரத்தில் வழிந்து ஓடிவிடும், உப்பு அசையாது. கடைசியில் வடியும் தண்ணீரை மீட்டரில் பாருங்கள், ஆயிரத்துக்குப் பக்கத்தில் வந்தால் போதும். ஒரே நாளில் பன்னிரண்டு பையும் செய்ய முடியாது, 480 லிட்டர் ஆகும். தண்ணீர் வரும் நாளில் இரண்டிரண்டாகச் செய்யுங்கள்.

தளம் கறை படியும் என்று வீட்டுக்காரர் சொன்னால், செங்கல்லுக்கு அடியில் தார்ப்பாய் விரித்து, வடிகால் பக்கம் சரிவு கொடுங்கள்.

ராதாபுரம்_காத்து

480 லிட்டர் நல்ல தண்ணீரைச் சித்திரையில் மண்ணைக் கழுவவா? எங்கள் ஊரில் ஒரு குடத்துக்கே சண்டை. மழைக்காலம் வரை பொறுத்தால் ஐப்பசி மழையே கழுவிவிடுமே.

நாங்குநேரி_விவசாயி

நியாயம்தான் அண்ணே. ஐப்பசி வரைக்கும் செடி பொறுக்க வேண்டுமே. எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்க்க வேண்டாம் தம்பி. கத்தரி நாலையும் கழுவுங்கள், வெட்டி விட்டு வளர்க்கலாம், நீண்ட நாள் நிற்கும். தக்காளியில் நல்லதாக இருக்கும் இரண்டை மட்டும் வையுங்கள். இந்த வெக்கையில் இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளி மகரந்தம் சரியாகப் பிடிக்காது, பூ உதிரத்தான் செய்யும். அதற்கு மருந்து கிடையாது. பெரும்பாலான தக்காளிப் பூ உங்கள் தப்பால் விழவில்லை.

மீதிப் பைகளில் கழுவாமல் சீனியவரை (கொத்தவரை) போடுங்கள். வெயிலையும் தாங்கும், உப்பையும் ஓரளவு தாங்கும். பீன்ஸ் மட்டும் போட்டுவிடாதீர்கள், உப்பு அதற்கு ஆகவே ஆகாது.

அம்பை_ஆச்சி

அரிசி கழுவிய தண்ணீர், பருப்பு ஊறவைத்த தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது உங்கள் வீட்டில்? உப்புப் போடாத எதையும் செடிக்கு ஊற்றலாம். மத்தியானம் இரண்டு மணி வெயிலுக்குத் தென்னங்கிடுகு நாலு சாத்தி வையுங்கள். ஆர்.ஓ. டிரம் தண்ணீரைக் கக்கூசுக்கு ஊற்றுங்கள், தரை துடையுங்கள், வாசல் தெளியுங்கள். தண்ணீரைச் சேமித்த மனசு நல்ல மனசுதான்.

பாளை_புதுசு

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

கத்தரி நாலையும், தக்காளி இரண்டையும் கழுவினேன். முதல் பையில் வடிந்த தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் வந்தது. 3,400-இல் தொடங்கி, நாலாவது தவணையில் 1,150. பழைய இலைகள் சரியாகவில்லை, கருகியது கருகியதுதான். ஆனால் புதிதாக வந்த கத்தரி இலைகளில் ஓரம் சுத்தமாக இருக்கிறது. கொழுந்து இன்னும் இரண்டு முறை ஒடிக்க வேண்டியிருந்தது. தக்காளியில் ஒன்று போய்விட்டது, இன்னொன்று பூத்து உதிர்த்துக்கொண்டே நிற்கிறது. வெண்டை இரண்டில் ஒன்றுக்கு இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது, அது வெள்ளை ஈ பரப்பும் நச்சு நோய் என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொன்னதால் பிடுங்கிவிட்டேன்.

சீனியவரை முளைத்து முழங்கால் உயரம் நிற்கிறது. நேற்று கத்தரியில் முதல் நாலு காய் பறித்தேன். அம்மா அதைக் கூட்டாஞ்சோற்றில் போட்டுவிட்டாள். எது என் காய், எது சந்தைக் காய் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

ராதாபுரம்_காத்து

நல்லது தம்பி. ஆனியில் காற்று ஆரம்பித்துவிடும், இப்போதே கத்தரிக்குக் குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள். செங்கல் மேல் நிற்கும் பை, காலிப் பை மாதிரி சாயும்.

மேலப்பாளையம்_புதியவர்

இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் ஓடிப்போய்ப் பார்த்தேன், நாங்களும் ஆர்.ஓ. தண்ணீரைத்தான் கொல்லையில் இருக்கும் தென்னைக்கு விட்டுக்கொண்டிருக்கிறோம். நிறுத்திவிடவா?

நாங்குநேரி_விவசாயி

தென்னை தாங்கும். தரையில் நிற்கிற மரம், வேர் விரிந்திருக்கும். வாரம் ஒரு தரம் நல்ல தண்ணீரும் கட்டுங்கள். பக்கத்தில் கறிவேப்பிலை இருந்தால் அதற்கு மட்டும் விடாதீர்கள்.