ஷட்டவுனில் ஒழுங்காக நிற்காத சர்வீஸ்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

லினக்ஸ் சர்வரில் ஒரு சர்வீஸை (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கிற புரோகிராம்) கையால் நிறுத்தினால் சமர்த்தாக நிற்கும், மெஷினையே அணைத்தால் மட்டும் டேட்டாவைத் தொலைத்துவிட்டு நிற்கும். இது எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது? எனக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன். சென்ட்ஓஎஸ் 6 (பழைய லினக்ஸ் பதிப்பு) காலத்துக் கதை, ஆனால் அந்த வகை மெஷின் இன்னும் எங்கேயாவது ஒரு மூலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அப்போது நான் வேலை பார்த்த இடத்தில், வெளியூர்க் கருவிகளிலிருந்து வரும் அளவீடுகளை வாங்கிச் சேர்த்துவைக்கிற ஒரு புரோகிராம் இருந்தது. வந்ததை வந்தவுடன் டிஸ்கில் எழுதாது. மெமரியில் வைத்திருந்து நிறையச் சேர்ந்ததும் மொத்தமாக எழுதும், நிறுத்தச் சொன்னால் மிச்சத்தை எழுதிவிட்டு நிற்கும். அதற்கு இனிட் ஸ்கிரிப்ட் (சர்வீஸைத் தொடங்கவும் நிறுத்தவும் சிஸ்டம் கூப்பிடுகிற சின்ன நிரல்) எழுதியது நான்தான். ஸ்டார்ட், ஸ்டாப், ஸ்டேட்டஸ் மூன்றும் வேலை செய்தன. அதை செக்கான்ஃபிக் கட்டளையால் பதிவுசெய்தேன், ரன்லெவல் 0 (அணைப்பது), 6 (ரீபூட்) இரண்டிலும் ‘கே’ இணைப்புகள், அதாவது ‘இதை நிறுத்து’ என்று சொல்பவை, சரியாக உருவாகியிருந்தன. கையால் இருபது தடவையாவது நிறுத்திப் பார்த்திருப்பேன், ஒரு வரிகூடத் தொலையவில்லை. ஆனால் கர்னல் அப்டேட்டுக்காக ரீபூட் செய்த ஒவ்வொரு முறையும் கடைசிச் சில நிமிட அளவீடுகள் காணாமல் போயின.

முதலில் புரோகிராமைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் டிஸ்கை, அப்புறம் நெட்வொர்க் முன்னாலேயே போய்விடுகிறதோ என்று. அதுவும் இல்லை. நெட்வொர்க் ஸ்கிரிப்டின் நிறுத்த எண் 90, என்னுடையது 10, சின்ன எண்தான் முதலில் நிற்கும். கடைசியில் செய்தது ரொம்ப எளிய காரியம்: ஸ்டாப் பகுதியின் முதல் வரியிலேயே தேதியையும் நேரத்தையும் ஒரு கோப்பில் எழுதச் சொன்னேன். கையால் நிறுத்தினேன், வரி விழுந்தது. ரீபூட் செய்தேன், வரி இல்லை. அதாவது ஸ்டாப் பாதியில் தடுமாறவில்லை, அதை யாரும் கூப்பிடவே இல்லை.

அதன்பிறகுதான் ரன்லெவல் மாறும்போது ஓடுகிற ஆர்சி ஸ்கிரிப்டைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். ஒவ்வொரு கே ஸ்கிரிப்டையும் கூப்பிடுவதற்கு முன்னால், /வார்/லாக்/சப்சிஸ் அடைவில் (இங்கே லாக் என்றால் பூட்டு, பதிவு இல்லை) அதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று அது பார்க்கிறது. இல்லையென்றால் இந்த சர்வீஸ் ஓடவே இல்லை என்று எடுத்துக்கொண்டு தாண்டிப் போய்விடுகிறது, ஒரு எச்சரிக்கைகூடக் கிடையாது. என் ஸ்கிரிப்ட் அந்தப் பூட்டுக் கோப்பை உருவாக்கவே இல்லை. எல்லாம் முடிந்தபின் ஹால்ட் ஸ்கிரிப்ட் மிச்சமிருக்கிற புராசஸ்களுக்கெல்லாம் சிக்டெர்ம் (‘முடித்துக்கொள்’ என்கிற சிக்னல்) அனுப்பி, சில நொடி கழித்து சிக்கில் (தடுக்க முடியாமல் கொல்கிற சிக்னல்) அனுப்புமே, என் புரோகிராம் செத்தது அந்த இடத்தில்தான். சாக்கெட் வழியாக ‘நில்’ என்று சொன்னால்தான் அதற்குப் புரியும், சிக்டெர்முக்கு அதில் எந்த ஏற்பாடும் இல்லை.

ஸ்டார்ட்டில் பூட்டுக் கோப்பை உருவாக்க ஒரு டச், ஸ்டாப்பில் அதை அழிக்க ஒரு ஆர்எம், இரண்டே வரி. சேர்த்துவிட்டு ரீபூட் செய்தால் அப்போதும் வரி விழவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சர்வீஸுக்குப் பூட்டுக் கோப்பு எங்கிருந்து வரும்? ஒருமுறை நிறுத்தி, புது ஸ்கிரிப்டால் தொடங்கியபின் ரீபூட் செய்தேன், அப்போதும் இல்லை. ஸ்கிரிப்ட் பெயரில் நடுவில் ஹைபன், கோப்பின் பெயரில் அண்டர்ஸ்கோர். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அதைத் திருத்தியபின் வந்த ரீபூட்டில்தான் அந்தத் தேதி வரியைப் பார்த்தேன், அளவீடும் ஒன்றுகூடத் தொலையவில்லை.

இனிட் ஸ்கிரிப்டுகளுக்குப் பதிலாக சர்வீஸ்களை நடத்துகிற சிஸ்டம்டி வந்தபின் இந்தப் பூட்டுக் கோப்புத் தொல்லை இல்லை, ஆனால் வேறு வேறு உருவத்தில் இதே கதை நடக்கிறது. உங்களுக்கு எப்படி நடந்தது?

பதில் 1

படித்ததும் என் ராஸ்பெர்ரி பை ஞாபகம் வந்துவிட்டது. மாடித் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தையும் வெயிலின் அளவையும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கிற பைத்தான் ஸ்கிரிப்ட். எஸ்டி கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடக் கூடாதே என்று லிஸ்ட்டில் சேர்த்து மணிக்கு ஒருமுறைதான் எழுதும், நிற்கும்போது மிச்சத்தை எழுத ஃபைனலி (கடைசியில் ஓடுகிற பகுதி) இருக்கிறது. டெர்மினலில் கண்ட்ரோல்-சி அடித்துப் பார்த்தேன், ஃபைனலி ஓடியது, அதே நம்பிக்கையில் சிஸ்டம்டி சர்வீஸாக மாற்றினேன். அணைத்தபோது மிச்சம் எழுதப்படவில்லை.

கண்ட்ரோல்-சி அனுப்புவது சிக்இன்ட், பைத்தான் அதை எக்ஸெப்ஷனாக மாற்றுவதால் ஃபைனலி ஓடும். சிஸ்டம்டி அனுப்புவது சிக்டெர்ம். அதற்கு ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓடுகிற பகுதி) வைக்காவிட்டால் புராசஸ் நின்ற இடத்திலேயே முடிந்துவிடும், ஃபைனலியும் கிடையாது, வெளியேறும்போது ஓட வேண்டிய ஏட்எக்ஸிட்டும் கிடையாது.

சரி என்று ஹேண்ட்லர் எழுதினேன். அதற்குள் ஒரே வேலை, ‘நிறுத்து’ என்ற மாறியை உண்மையாக்குவது. லூப் அதைப் பார்த்து வெளியே வரும். இப்போது ஷட்டவுன் திரையில் ‘எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்’ என்ற வரியோடு நட்சத்திரங்கள் இப்படியும் அப்படியும் ஓட, 1 நிமிடம் 30 நொடி முழுக்கக் காத்திருந்துவிட்டு சிக்கில் விழுந்தது. வில்லங்கம் டைம்.ஸ்லீப் 300-இல் இருந்தது. பைத்தான் 3.5-இலிருந்து, ஹேண்ட்லர் எக்ஸெப்ஷன் எதையும் எழுப்பாதவரை, சிக்னல் வந்தாலும் ஸ்லீப் மீதி நேரத்தையும் தூங்கிவிட்டுத்தான் திரும்பும். தூக்கத்தின் கடைசி ஒன்றரை நிமிடத்தில் ஷட்டவுன் வந்தால் மட்டும் எல்லாம் சரியாக முடியும், அதனாலேயே சில நாள் சரி, சில நாள் தப்பு என்று குழப்பமாக இருந்தது. 300 நொடியை ஒரு நொடி ஒரு நொடியாகத் தூங்கி ஒவ்வொரு முறையும் மாறியைப் பார்க்கும்படி மாற்றினேன். இப்போது ஒரு நொடிக்குள் நிற்கிறது.

பதில் 2

டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை சோர்ஸிலிருந்து கட்டி, யூனிட் ஃபைலை (சர்வீஸை எப்படி நடத்துவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்கிற கோப்பு) நானே எழுதினேன். கில்மோட் மிக்ஸ்ட் என்று போட்டிருந்தேன், அதாவது முதல் சிக்னல் தலைமைப் புராசஸுக்கு மட்டும் போகும். கில்சிக்னல் வரியை விட்டுவிட்டேன், அதனால் போனது வழக்கமான சிக்டெர்ம்.

போஸ்ட்கிரெஸுக்கு சிக்டெர்ம் என்றால் ‘ஸ்மார்ட்’ ஷட்டவுன்: புது இணைப்பு வாங்காது, இருக்கிற இணைப்புகள் தாமாகப் போகும்வரை காத்திருக்கும். எங்கள் ஆப் இன்னொரு மெஷினில் இருந்தது, அது இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும், போகவே போகாது. 90 நொடி முடிந்ததும் சிக்கில். மறுபடி பூட் ஆனால் ‘டேட்டாபேஸ் ஒழுங்காக அணைக்கப்படவில்லை, மீட்பு நடக்கிறது’ என்ற பொருளில் பதிவில் ஒரு வரி. டபிள்யூஏஎல்-லிருந்து (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கிற பதிவு) மீண்டுவிடும், டேட்டா போகவில்லை, ஆனால் ஒவ்வொரு ரீபூட்டுக்கும் டேட்டாபேஸை இப்படிக் கொன்று எழுப்புவதா? நான் சோதித்தது ஆப் நின்றிருந்த ராத்திரி நேரத்தில், இணைப்பே இல்லாததால் உடனே நின்றுவிட்டது, அதுதான் கண்ணை மறைத்தது.

போஸ்ட்கிரெஸ் கையேட்டிலேயே மாதிரி யூனிட் ஃபைல் இருக்கிறது: கில்சிக்னல் சிக்இன்ட், அது ‘ஃபாஸ்ட்’ ஷட்டவுன், இணைப்புகளை அதுவே துண்டித்துவிட்டு முறையாக நிற்கும். டைம்அவுட் இன்ஃபினிட்டி (எவ்வளவு நேரமானாலும் காத்திரு) என்றும் அதில் இருக்கும். யுபிஎஸ் பேட்டரியை நம்பி ஓடுகிற மெஷினில் அந்த இன்ஃபினிட்டியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று பார்த்து ஒரு எண் போடுங்கள்.

பதில் 3

என்னுடையது சின்ன விஷயம். பேக்கப் சர்வீஸ் நிற்கும்போது கடைசிக் கோப்பை என்எஃப்எஸ் அடைவில் (நெட்வொர்க் வழியாக மவுண்ட் செய்த, அதாவது இணைத்த, இன்னொரு மெஷினின் அடைவு) எழுத வேண்டும், ஷட்டவுனில் மட்டும் அது எழுதவில்லை. சிஸ்டம்டியில் தொடங்கிய வரிசைக்கு நேர் எதிராகத்தான் நிறுத்தம் நடக்கும். உள்ளூர் டிஸ்குகளுக்குச் சாதாரண சர்வீஸ்கள் தானாகவே பின்னால் வந்துவிடும், நெட்வொர்க் மவுண்டுக்கு அப்படி இல்லை, நாம்தான் சொல்ல வேண்டும். ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் என்று அந்தப் பாதையைக் கொடுத்தேன், அதன்பிறகு சர்வீஸ் நின்றபின்தான் மவுண்ட் கழல்கிறது.

முதலில் எழுதியவர்

மூன்று பேருக்கும் நன்றி. சிஸ்டம்டியின் பதிவைக் காட்டுகிற ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு மைனஸ் பி மைனஸ் 1 கொடுத்து, போன பூட்டின் பதிவைக் கடைசியிலிருந்து மேலே படித்தால் யார் சிக்கில் வாங்கினார்கள் என்று பெயரோடு தெரியும். /வார்/லாக்/ஜர்னல் அடைவு (இந்த லாக் பதிவுதான்) இல்லாவிட்டால் வழக்கமான அமைப்பில் போன பூட்டின் பதிவு தங்காது, அதை முதலில் உருவாக்கிவையுங்கள்.

இரண்டாவது பதிலைப் படித்த கையோடு எங்கள் டேட்டாபேஸ் யூனிட் ஃபைலைத் திறந்தேன். கில்மோட் மிக்ஸ்ட் இருக்கிறது, கில்சிக்னல் வரி இல்லை. இப்போது சேர்த்துவிட்டேன், வெள்ளிக்கிழமை ராத்திரி ஆப் இணைந்திருக்கும்போதே ரீபூட் செய்து பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.